போகப் புறப்பட்டு மீண்டு வந்த தலைவர் மகாராசன் வேதமாணிக்கம்

கோட்டை கட்டி ஆண்ட இனத்தாருக்குக் கோட்டையே வரலாறு கூறும். கோபுரம் எழுப்பியோருக்குக் கோபுரமே சான்று பகரும். கோட்டையும் கோபுரமும் இல்லாத மக்களுக்கோ அவர்கள் நடந்த வழியே வரலாறாகும். சேலம், நாமக்கல் சமவெளிகளில் வாழும் நம் மக்களின் வரலாறு இத்தகைய வழிநடை வரலாறேயாகும்.

1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சத்தில் மிகக் கொடிய அழிவைக் கண்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. அதற்கு முன்னும் பின்னும், மானாவாரி நிலம் பொய்த்த ஆண்டெல்லாம் நம் முன்னோர் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தனர். சிலர் சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களுக்கு ஏறினர். பலர் கங்காணிமார் பின்னே இலங்கை மலையகத்துக்குச் சென்றனர். 1964ஆம் ஆண்டு அக்டோபரில் ஏற்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாக 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென முடிவானபோது, அங்கே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் தாம் கண்டிராத தாயகத்துக்கு வந்து இறங்கினர். இன்றும் திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளில் நம் இளைஞர் வட மாநிலங்கள் வரை செல்கின்றனர். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்களும் உளர்.

இவ்வாறு ஊர்விட்டு ஊர் செல்லும் மக்களின் நெஞ்சில் ஒரு வினா எப்போதும் இருக்கும். பிறந்த ஊரில் நமக்கு இடமில்லை. போகும் ஊரில் நம்மை அறிவாரில்லை. அங்ஙனமாயின் நமக்குக் காவல் யார்? போவதே நன்றா, நின்று போராடுவதே நன்றா? இவ்வினாவை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்டு, தம் வாழ்க்கையாலேயே விடை கூறிச் சென்ற பெருமகன் ஒருவரை இம்மலரின் வாயிலாக நம் இளைஞர்க்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம். தென் திருவிதாங்கூரின் மயிலாடியில் ஒடுக்கப்பட்ட மரபில் பிறந்த மகாராசன் வேதமாணிக்கமே அவர்.

எபிரேயர் நடந்த வழி

அவர் வரலாற்றைக் கூறுமுன், அவ்வரலாற்றுக்கு ஒளி தரும் பழைய கதை ஒன்றை நாம் நினைவுகூர வேண்டும். எபிரேயரின் திருநூல்கள் அதனைக் கூறுகின்றன. பஞ்சத்தால் கானான் நாட்டை விட்டு எகிப்துக்குப் பிழைக்கச் சென்ற யாக்கோபின் குடும்பத்தார் எழுபது பேர். அவர்கள் பெருகிப் பெருங்கூட்டமானபோது எகிப்தின் மன்னன் அவர்களை அடிமைகளாக்கினான். மண் மிதித்துச் செங்கல் அறுப்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட வேலை. பின்னர், செங்கலுக்கு வேண்டிய வைக்கோலையும் அவர்களே தேடிக்கொள்ள வேண்டும், ஆயினும் கல்லின் கணக்குக் குறையலாகாது என்று ஆணை பிறந்தது. முன்பணம் பெற்றுச் சூளையில் கல் அறுத்துக் கணக்கில் என்றும் கடனாளியாகவே நின்றவர்களுக்கு இக்கதையை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

அம்மக்களுக்குத் தலைவராக எழுந்த மோசே முதலில் ஓடிப்போனவர். தம் இனத்தான் ஒருவனை அடித்த எகிப்தியனைக் கொன்றுவிட்டு, அரசனுக்கு அஞ்சி மீதியான் நாட்டில் ஆடு மேய்த்து ஒளிந்து வாழ்ந்தார். அவர் ஒருவர் தப்பிவிட்டார். அவருக்கு மனைவியும் மக்களும் வாழ்வும் அமைந்தன. ஆனால் இறைவன் அவரைத் தப்பிய இடத்திலேயே இருக்கவிடாது, அடிமைகளிடமே திருப்பி அனுப்பினார் என்பது திருநூலின் கூற்று.

அதன்பின் நிகழ்ந்தது நாற்பது ஆண்டுப் பயணம். பகலில் மேகத் தூணும் இரவில் நெருப்புத் தூணும் அவர்களுக்கு முன் சென்றன. உணவில்லாத பாலையில் மன்னா என்னும் உணவு காலைதோறும் தரையில் கிடந்தது. தலைக்கு ஓர் அளவு. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. பேராசையால் மறுநாளுக்கென்று பதுக்கி வைத்தது புழுத்துப் போயிற்று. பாறையிலிருந்து நீர் கிடைத்தது. உடுத்த உடை நைந்து போகவில்லை, நடந்த கால் வீங்கவில்லை என்று உபாகமம் கூறுகிறது.

இவற்றுள் நாம் சிறப்பாகக் கருத வேண்டியவை இரண்டு. ஒன்று, அவர்களுடைய இறைவன் கற்கோயிலில் அமர்ந்திருக்கவில்லை. மக்கள் கூடாரத்தில் வாழ்ந்த காலமெல்லாம் அவரும் கூடாரத்திலேயே உடனிருந்தார். மற்றொன்று, மேகத்தைப் பற்றி எண்ணாகமம் கூறும் செய்தி. மேகம் எழும்பினால் மக்கள் புறப்படுவர். மேகம் தங்கினால், அது இரண்டு நாளாயினும் ஒரு மாதமாயினும் ஓர் ஆண்டாயினும், அவ்விடத்திலேயே தங்கியிருப்பர். ஆகவே நடத்தல் மட்டுமன்று, நிற்றலும் அக்காவலின் ஒரு பகுதியே. இக்கதை உலகெங்கும் அடிமைப்பட்டோரின் கதையாயிற்று. அமெரிக்கக் கறுப்பின அடிமைகள் இதனைப் பாடலாக்கிப் பாடினர். அண்ணல் அம்பேத்கரும் 1941ஆம் ஆண்டில் மோசேயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்.

மயிலாடியும் மகாராசனும்

இனி நம் தலைவரின் வரலாற்றுக்கு வருவோம். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோயிலுக்குக் கிழக்கே உள்ள மயிலாடி, 1956ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே சாம்பவர் குலத்தில் தோன்றியவர் மகாராசன். பெயர் மகாராசன், ஆனால் பொது வழியில் தடையின்றி நடக்கவும் அவருக்கு உரிமையில்லை. அந்நாட்டில் உழைக்கும் குலத்தார் நிலத்தோடு சேர்த்து விற்கவும் வாங்கவும் பெற்றனர். அவர்களை முற்றிலும் விடுவிக்கும் ஆணை 1855ஆம் ஆண்டில்தான் பிறந்தது. கோயில் நுழைவுப் பிரகடனமோ 1936ஆம் ஆண்டு நவம்பரில் வந்தது. இவ்விரு ஆண்டுகளையும் நினைவிற் கொண்டால் மகாராசன் வாழ்ந்த காலத்தின் இருள் எத்தகையது என்பது விளங்கும்.

மகாராசன் இயல்பிலேயே பக்திமான். சிதம்பரத்தைத் தரிசிக்க வேண்டும் என்னும் வேட்கையால், உறவினரான இளைஞர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நெடுந்தூரம் நடந்தார். நந்தனார் கதையை அறிந்த நமக்கு அப்பயணத்தின் ஏக்கம் புதிதன்று. அத்தனை தூரம் நடந்து சென்றவருக்கு அங்கே மன அமைதி கிட்டவில்லை என்று திருச்சபை வரலாறுகள் கூறுகின்றன. திரும்பும் வழியில் தஞ்சையில் இருந்த உறவினர் இல்லத்தில் தங்கினார். அவர்கள் அதற்கு முன்பே கிறித்தவராகியிருந்தனர். அவர்களோடு ஆலயத்துக்குச் சென்ற மகாராசன், அங்கு ஊழியம் செய்துவந்த கோலாப் ஐயரின் போதனையைக் கேட்டார். அவரிடமே ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்னும் பெயர் பூண்டார்.

ஒரு செய்தியை நாம் இங்கே கவனிக்க வேண்டும். தஞ்சையிலேயே அவர் தங்கியிருக்கலாம். உறவினர் இருந்தனர், ஆதரவு இருந்தது, அடிமை வழக்கம் கடுமையாக நிலவிய திருவிதாங்கூருக்கு வெளியே அவர் நின்றிருந்தார். மோசே மீதியானில் தப்பி நின்றது போன்ற நிலை அது. ஆயினும் அவர் நூல்களைச் சுமந்துகொண்டு மயிலாடிக்கே திரும்பினார். தாம் கேட்டதைத் தம் சுற்றத்தாருக்கு எடுத்துரைத்தார்.

குடிபெயர எண்ணிய காலம்

மயிலாடியில் ஒரு சிறு கூட்டம் அவரோடு சேர்ந்தது. அதனுடன் எதிர்ப்பும் வளர்ந்தது. தலைமுறை தலைமுறையாகக் குனிந்தே நின்ற மக்கள் ஒன்றுகூடி எழுத்தைப் படிப்பதும் தொழுவதும் மேலோருக்குப் பொறுக்கவில்லை. தொல்லைகள் மிகுந்தபோது வேதமாணிக்கமும் அவர் சுற்றத்தாரும், இந்நாட்டை விட்டே போய்விடுவோம், தஞ்சை நாட்டில் குடியேறி வாழ்வோம் என்று எண்ணினர். எபிரேயர் எகிப்தை விட்டுப் புறப்பட்டது போன்ற பயணம் ஒன்று தென்கோடியில் தொடங்கவிருந்தது. அதற்கு வழிதேடி வேதமாணிக்கம் மீண்டும் வடக்கு நோக்கி நடந்தார்.

அப்போதுதான் வரலாறு திரும்பியது. இலண்டன் மிஷன் சங்கம் அனுப்பிய ரிங்கல்தௌபே என்னும் இளைஞர் 1804ஆம் ஆண்டின் இறுதியில் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்திருந்தார். அவர் செருமானிய நாட்டவர். 1770ஆம் ஆண்டில் பிறந்தவர். எங்கே பணி செய்வது என்பது அவருக்கே தெளிவாகாதிருந்த வேளையில் வேதமாணிக்கத்தின் வேண்டுகோள் அவரை எட்டியது. தம் மக்களை வெளியே கொண்டுபோக வழி தேடிச் சென்றவர், தம் மக்களிடம் வருவதற்கு ஓர் ஆசானைக் கண்டு திரும்பினார்.

1806ஆம் ஆண்டு ஏப்ரலில் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திருவிதாங்கூருக்குள் புகுந்து மயிலாடியை அடைந்தார். எந்தக் கணவாய் வழியே மக்கள் வெளியேற எண்ணினரோ, அந்தக் கணவாய் வழியே உதவி உள்ளே வந்தது. மேகம் எழும்பும் என்று மூட்டை கட்டியவர்களுக்கு, அது மயிலாடியின் மேலேயே தங்கிவிட்டது எனலாம்.

நிற்பதன் விலை

தங்கியதால் துன்பம் தீர்ந்துவிட்டது என்று எண்ணலாகாது. ஆலயம் கட்டுவதற்கு அரசின் இசைவு எளிதில் கிடைக்கவில்லை. 1808ஆம் ஆண்டின் இறுதியில் திவான் வேலுத்தம்பிக்கும் ஆங்கிலேயக் கம்பெனிக்கும் போர் மூண்டது. அந்நியரின் அதிகாரத்தை எதிர்த்த வீரர் என்று வேலுத்தம்பியை நாடு இன்று போற்றுகிறது. ஆனால் அப்போரின்போது, கம்பெனிக்கு வேண்டியவர்கள் என்னும் ஐயத்துக்கு உள்ளான எளிய கிறித்தவர்கள் பெரும் அச்சத்தில் வாழ்ந்தனர். பெரியோர் இருவர் போரிடும்போது புல்லாய் மிதிபடுவது ஏழைகளின் வழக்கமன்றோ? 1809ஆம் ஆண்டு பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்து உட்புகுந்தது. போரும் விரைவில் முடிந்தது.

அவ்வாண்டிலேயே, ரெசிடெண்டாக இருந்த கர்னல் மெக்காலேயின் உதவியால் இசைவு கிடைத்து, மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அதனோடு ஒரு பள்ளியும் தோன்றியது. நிலத்தோடு விற்கப்பட்ட குலத்தின் பிள்ளைகள் ஓலையும் எழுத்தாணியும் பிடித்து அமர்ந்தனர். நாகர்கோயிலின் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி இன்றளவும் தன் தொடக்கத்தை 1809ஆம் ஆண்டின் மயிலாடிப் பள்ளியிலேயே காண்கிறது. பல்லாயிரம் பட்டதாரிகளைத் தந்த கலைக்கூடத்தின் வேர், ஊரை விட்டே போய்விட எண்ணிய ஒரு சேரியின் மண்ணில் உள்ளது என்பதை நம் இளைஞர் மறத்தலாகாது.

ரிங்கல்தௌபே எளிய வாழ்வினர். தம் வருவாயின் பெரும்பகுதியை ஏழைகளுக்கும் பணிக்கும் செலவிட்டார். அவரும் சிற்சில வேளைகளில் மனம் சோர்ந்தார்; மக்கள் ஆன்ம நன்மையை நாடாது, வரிக்கொடுமையிலிருந்தும் மேலோரின் தொல்லையிலிருந்தும் விடுபடவே தம்மிடம் வருகின்றனர் என்று வருந்தினார். அவ்வருத்தம் நேர்மையானதே. எனினும் அதற்கு எபிரேயரின் திருநூலே விடை கூறுகிறது. அம்மக்களும் முதலில் அழுதது சவுக்கடிக்காகவே. பின்னர் அப்பத்துக்காகவும் நீருக்காகவும் முறையிட்டனர். எகிப்தில் தின்ற மீனையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்துப் புலம்பவும் செய்தனர். ஆயினும் பசித்தவனின் அழுகை உலகியல் சார்ந்தது என்று ஒதுக்கப்படவில்லை. சட்டம் சீனாய் மலையில் பிறக்குமுன்னரே மன்னா தரையில் விழுந்தது. உடலின் விடுதலையை நாடுவது தாழ்ந்த நோக்கமன்று என்பதே அதன் கருத்து.

பொறுப்பு கைமாறியது

பத்தாண்டுப் பணியில் மயிலாடி, தாமரைகுளம், புத்தளம் முதலிய ஏழு ஊர்களில் சபைகள் அமைந்தன. உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே 1816ஆம் ஆண்டில் நாட்டை விட்டுப் புறப்பட்டார். அதன்பின் அவர் எங்கே எவ்வாறு மறைந்தார் என்பதை உலகம் அறியவில்லை. புறப்படுமுன் அவர் சபைகள் அனைத்தையும் வேதமாணிக்கத்தின் பொறுப்பில் ஒப்படைத்தார். தம் ஊழிய அங்கியையே அவருக்கு அணிவித்துச் சென்றார்.

வேறோர் ஐரோப்பியப் போதகரான மீட் ஐயர் 1818ஆம் ஆண்டில் வந்து சேரும்வரை சபைகளைக் காத்து நடத்தியவர் வேதமாணிக்கமே. அவ்வாண்டுகளை நாம் ஊன்றிக் கருதவேண்டும். வெள்ளை நிறத்தவர் உடன் நின்றபோது அடங்கியிருந்த பகை, அவர் போனபின் அடங்கியிருக்க வேண்டிய கட்டாயமில்லை. படை இல்லை, பணமில்லை, அதிகாரத்தில் உறவுமில்லை. பொது வழியில் நடக்கவும் உரிமையற்ற குலத்தில் பிறந்த ஒருவர் ஏழு ஊர்களின் மக்களைச் சிதறாது காத்தார். சபைகளும் பள்ளிப் பணியும் அழியாது மீட் ஐயரின் கைக்குச் சென்றன. பணியை வெளிநாட்டார் தொடங்கினர் என்று கூறுவோர், வெளிநாட்டாரை அழைத்து வந்தவர் யார், அவர் இல்லாதபோது காத்தவர் யார் என்னும் இரு வினாக்களுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவர்கள். இரண்டுக்கும் விடை ஒருவரே.

1827ஆம் ஆண்டில் வேதமாணிக்கம் மறைந்தார். நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றையும் இங்கே குறிப்பிடுவோம். அதே 1827ஆம் ஆண்டில், அதே இலண்டன் மிஷன் சங்கத்தின் பணி சேலம் நகரில் கிரிஸ்ப் ஐயரால் தொடங்கப்பட்டது. மயிலாடியில் ஒரு விளக்கு அணைந்த ஆண்டில் நம் சமவெளியில் ஒரு விளக்கு ஏற்றப்பட்டது. சேலம் பகுதியின் தொடக்ககாலப் பள்ளிகள் பல இத்தகைய பணிகளோடு தொடர்புடையவை.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

நம் சங்கத்தில் பல சமயத்தாரும் உள்ளனர். பௌத்தம் தழுவியோர் உளர், குலதெய்வத்தை வணங்குவோர் உளர், கிறித்தவர் உளர், எச்சமயமும் சாராதோரும் உளர். யாரையும் ஒரு சமயத்துக்கு அழைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. மதம் மாறிய இடத்திலும் சாதி பின்தொடர்ந்து வந்து ஆலயத்துக்குள்ளேயே தனி வரிசை போட்டதையும், கல்லறைக்கு நடுவே சுவர் எழுப்பியதையும் நாம் அறியாதவரல்லோம். வேதமாணிக்கத்தின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்வது வேறு.

தெய்வத்தின் காவல் என்பது துன்பம் இல்லாத வாழ்வன்று. எபிரேயருக்குக் காவல் இருந்தது, பாலையும் இருந்தது. அமலேக்கியர் பின்னிருந்து தாக்கினர். களைத்துப் பின்தங்கியவர்களையே அவர்கள் வெட்டினர் என்று உபாகமம் கூறுகிறது. ஆகவேதான் கூட்டம் சிதறாது செல்லுதல் இன்றியமையாததாயிற்று. மயிலாடி மக்களுக்கும் காவல் இருந்தது. போர்க்கால அச்சமும் இருந்தது. காவல் என்பது அவர்களைச் சிதறவிடாது ஒன்றாக வைத்திருந்த ஆற்றலேயாகும். சிலர் அதனை இறைவன் என்பர்; சிலர் ஒற்றுமை என்பர். பெயர் எதுவாயினும், களைத்துப் பின்தங்கியவனை விட்டுச் செல்லாத கூட்டத்தில்தான் அது தங்குகிறது.

போவதா நிற்பதா என்னும் வினாவுக்கு வேதமாணிக்கத்தின் விடை நேரானது. அவர் போனதைப் பிழை என்று எவரும் கூற இயலாது. அவர் போயிராவிடில் எதுவும் கிடைத்திராது. அவர் மீளாதிருந்தால், கிடைத்தது அவருக்கு மட்டுமே கிடைத்திருக்கும். ஆகவே, வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் செல்லும் நம் இளைஞரைத் தடுப்பது நம் கருத்தன்று. கல்விக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்லுங்கள். வேலைக்காகக் கடல் கடந்தும் செல்லுங்கள். ஆனால் தப்பியவராகச் செல்லாதீர்கள். தூது செல்பவராகச் செல்லுங்கள். சென்ற இடத்தில் நீங்கள் பெறும் அறிவு, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு லாரிப் பட்டறைக்குச் சென்றுவிட்ட தெருப்பிள்ளைக்கும், சூளையில் பெற்றோரோடு கல் அறுக்கும் தங்கைக்கும் ஒரு வழியாக மீண்டு வருதல் வேண்டும்.

மன்னாவின் சட்டத்தையும் நாம் மறவாதிருப்போம். அவரவர் பங்கு அவரவர்க்கு, பதுக்கியது புழுக்கும். நம் குடும்பங்களில் முதலில் படித்து வேலை பெற்றவரின் படிப்பு அவருடைய தனிச்சொத்தன்று. ஒரு பிள்ளையின் தேர்வுக் கட்டணம், ஒரு மாணவியின் விடுதிச் செலவு, விடுமுறையில் ஒரு மாதம் கணக்குச் சொல்லித் தரும் உழைப்பு ஆகியவையே தலைக்கு ஓர் அளவு என்னும் அப்பங்கீடு.

இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு கல்விச் சங்கத்துக்கு நெடுங்காலமன்று. எபிரேயர் நடந்தது நாற்பது ஆண்டுகள். மோசே தாம் கொண்டுசேர்த்த நாட்டை நேபோ மலை உச்சியிலிருந்து கண்டாரேயன்றி அதில் கால் வைக்கவில்லை. வேதமாணிக்கமும் தம் நாட்டில் அடிமை முறை ஒழிந்ததைக் காணவில்லை. கோயில் கதவுகள் திறந்ததைக் காணவில்லை. ஆயினும், ஓலையில் எழுதப் பழகிய முதல் தலைமுறையை அவர் கண்டார். அதுவே அவருடைய நேபோ மலை. நம் சங்கத்தைத் தொடங்கிய பெரியோரும் தாம் காணாத நாளுக்காகவே உழைத்தனர். வெள்ளி விழா மேடையிலிருந்து இறங்கும்போது, அவர்கள் கண்ட தூரத்துக்கு அப்பால் ஓர் அடியேனும் நடப்போம் என்னும் உறுதியோடு நாம் இறங்குவோமாக.